மந்தமான கம்ப்யூட்டர்

அறையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, மருமகன், மூன்றே பேர்.

"அவன் வீடியோ கால்ல கூப்பிட்டாலும் இந்தக் கம்ப்யூட்டர் தாங்காது." வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பற்றி இரண்டு வருடமாக அப்பா சொல்லும் காரணம் இது. அம்மாவும் நம்பினாள்.

மருமகன் மலிவாக வாங்கிய ராம் மெமரியைக் கம்ப்யூட்டரில் பொருத்தினான்.

"வீண் வேலை மாப்பிள்ளை."

"இருங்க மாமா, இனிமே பறக்கும்."

பறந்தது. அம்மா நாற்காலியை நெருக்கிப் போட்டாள். "என் பிள்ளை முகத்தைக் காட்டுங்க."

திரையில் மகனின் பெயரை அழுத்திய மருமகன் திகைத்தான். "வாராவாரம் கூப்பிடறேன்னு மச்சான் சொன்னாரே... மாமா, அவரை நீங்களே பிளாக் பண்ணி வச்சிருக்கீங்க!"

அப்பாவின் முதுகு வளையவில்லை. "என் பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணினவன். குடும்ப மானம் பெருசு."

அம்மா அவரைப் பார்க்காமலே எழுந்து போனாள்.

மகன் பெற்றவர்களைக் கைகழுவிவிட்டான் என்று உறவினர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது சுத்தப் பொய்.