சுத்தபோசனம்

ரோமியோவின் வயிற்றைக் காட்டச் சொன்னான் மாப்பிள்ளை அருண்ராஜ். வீடியோ காலில்தான்.

அருள்மேரி கைப்பேசியைக் கணவர் ஜீவானந்தத்திடம் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கட்டியிருந்த சேலை கசங்குவதையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து நாயை மல்லாக்கப் படுக்கவைத்தாள்.

வயிறு, அக்குள், காது மடல் என்று பெங்களூரிலிருந்தபடி அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். மகள் ஜாஸ்மினைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவனில்லை.

வருகிற ஞாயிறு ஈஸ்டர். மகளும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையோடு அஸ்தினாபுரத்துக்கு வருகிறார்கள். சொறி நாய் இருக்கும் வீட்டில் குழந்தையைத் தரையில் விடமாட்டேன், அதற்குள் குணமாகவில்லை என்றால் நாயை மதுராந்தகம் தோட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

அதைக் கேட்ட அன்று ஜீவானந்தம் சாப்பிடவில்லை. ரோமியோ இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அருள்மேரி அழுதுகொண்டு உட்காருகிற ரகமில்லை. இரண்டு முடிவுகள் எடுத்தாள். நாய்க்குப் பச்சை இறைச்சி. கணவனுக்குத் தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனம்.

முதலாவது வாட்ஸ்அப் குழுவில் கற்றது. வேகவைக்காத கோழிக் கழுத்தும் ஈரலும் தினமும் ஒரு வேளை கொடுத்தால் எந்த அரிப்பும் ஓடிவிடுமாம். இரண்டாவது கோயிலில் கற்றது. கறி, மீன், முட்டை எதையும் தொடாமல் நேர்ந்துகொண்டால் ஆண்டவர் கேட்டதைக் கொடுப்பார். அவள் வருடா வருடம் இருக்கிறவள்தான். கறியில்லாமல் ஒரு வெள்ளிக்கிழமையைக்கூடத் தாண்ட முடியாதவர் ஜீவானந்தம்.

"வாயில்லா ஜீவனுக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா?" என்று கேட்டாள். அவரால் மறுக்க முடியவில்லை.

கறிக்கடையில் நின்று வாங்கி, நறுக்கி, நீல மூடி டப்பாக்களில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினாள். சாயங்காலமானால் வேப்பிலைத் தண்ணீரில் ரோமியோவைத் துடைத்து, சீப்பு போட்டு வாரினாள். தன் தலையை அவள் அப்படி வாரிக்கொண்டதில்லை.

மத்தியானம் நாய்க்கு அதை எடுத்துப் போடுவது மட்டும் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் ஜீவானந்தத்தின் பொறுப்பு.

மனுஷன் மாறித்தான் போனார். பூசணிக்காய்க் கூட்டைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர், அதையே கேட்டுச் செய்யச் சொன்னார். தட்டு, பாத்திரமெல்லாம் அவரே தேய்த்துக் கவிழ்த்துவைத்தார். எத்தனையோ தடவை சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாத சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை, தவக்காலத்தின் முதல் வாரமே ஆள் கூப்பிட்டுச் சரிசெய்தார். சுத்தபோசனத்தில் ஆள் இளைக்கவும் இல்லை. ஆண்டவர் தொட்டுவிட்டார் என்று அருள்மேரி நம்பினாள்.

ரோமியோவுக்கும் புண்ணெல்லாம் ஆறி முடி முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சைக் கறியை அவளே ஊட்டினாள். அன்றைக்கு ராத்திரி மட்டும் கொஞ்சம் சொறிந்துகொண்டது. உடம்பிலிருக்கும் விஷம் வெளியேறும்போது அப்படித்தான் என்று குழுவில் சொன்னார்கள்.

"சுத்தமா போயிடுச்சு அத்தை. ரோமியோ அங்கயே இருக்கட்டும்" என்றான் அருண்ராஜ், வீடியோவில் எல்லாம் பார்த்து முடித்ததும்.

அருள்மேரி நாயைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். ஜீவானந்தத்துக்கும் கண் கலங்கியது. ரோமியோ மல்லாந்தபடியே கிடந்தது.

"பாதி பச்சைக் கறி, பாதி உங்க தவம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சாயங்காலம் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்துடுங்க. இந்த வருஷம் சாமியார்கிட்ட சொல்ல உங்களுக்கு ஒண்ணுமே இருக்காது."

ஈஸ்டருக்கு அப்புறமும் அவருக்கும் ரோமியோவுக்கும் இதே சாப்பாடுதான் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தாள். அவர் உடனே சரி என்றது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் போன பிறகும் ஜீவானந்தத்துக்குப் பாவசங்கீர்த்தனத்தை நினைத்துப் பயமாகவே இருந்தது. சொல்ல ஒன்று இருந்தது. சொல்லிவிடலாம். ஆனால் இனிமேல் செய்யமாட்டேன் என்று கடைசியில் வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ரோமியோ மறுபடியும் சொறியும்.

மத்தியானம் ஃப்ரீசரிலிருந்து நீல மூடி டப்பாவை எடுத்து வைத்தார். மிளகை இடித்தார். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் ஈரலைப் போட்டு வதக்கினார்.

பிறகு, அருள்மேரி அவருக்கென்று மேசையில் மூடி வைத்திருந்த பருப்பு சாதத்தையும் கூட்டையும் தட்டோடு எடுத்துத் தரையில் வைத்தார். இருவருக்குமாகச் சேர்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பதிலாகச் சுத்தபோசனம் இருந்த ரோமியோ, வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தது.