ஒரு துளி விழவில்லை

வற்றிய ஓடைக்குள் இருந்த தவளை தினமும் அண்ணாந்து பார்த்து மழை நிலவரம் சொல்லும். ஒருநாளும் தப்பியதில்லை, அந்தத் தலைக்கனம் வேறு.

அன்று, அதே ஓடையில் வளை தோண்டிக் குட்டி போட்டிருந்த எலியிடம் நண்டு ஓடி வந்தது.

"அக்கா, மேலேயிருந்து கசிகிற தண்ணீர் கலங்கிவிட்டது. மலையில் மழை. குட்டிகளை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போ!"

"இதற்கு வேறு வேலையில்லை," என்றது தவளை. "வானத்தைப் பாரடி, எங்கேயாவது மேகம் இருக்கிறதா? இங்கே ஒரு துளி விழாது. நான் சொல்லி என்றைக்காவது தப்பியிருக்கிறதா?"

எலி குட்டிகளை வளையிலேயே விட்டுவிட்டு இரை தேடப் போனது.

மாலையில் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, மலைத்தண்ணீர் ஓடையை நிறைத்துக்கொண்டு வந்தது. வளை இருந்த இடமே தெரியாமல் எலி கரையோரம் அங்குமிங்கும் ஓடியது.

மிதந்து வந்த கட்டைமேல் உட்கார்ந்துகொண்டு தவளை கேட்டது: "நீயே சொல்லடி, ஒரு துளி விழுந்ததா?"