புயல் வராத தெரு

“புயலா? இந்தத் தெருவுக்கு வர அதுக்கு வழியே தெரியாது, தம்பி!”

மாடிக் கதவைத் திறந்துவிட்டபடி வெல்டர் சொன்னார். பட்டறையை மூடிப் பல வருஷம் ஆகியும் தெருவுக்கு அவர் வெல்டர்தான். வீடு பார்க்க வந்த இருவரும் உள்ளே நுழைந்தார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர், மற்றவர் தாடிக்காரர். ஆறு மாதத்துக்கு மாடி வேண்டுமாம்.

“இல்லைங்கய்யா, இந்த வருஷம் புயல் சீசன் பலமா இருக்கும்னு வானிலை நிபுணர் சொல்லியிருக்காரே,” என்று கண்ணாடிக்காரர் செல்போனை நீட்டினார். திரையில் ஒரு வரைபடம். கரையோரமாகச் சிவப்பில் ஒரு வட்டம். அதன் நடுவில்தான் இந்தத் தெருவும் இருக்கிறது என்பது பார்த்ததுமே வெல்டருக்குப் புரிந்துவிட்டது.

“ஏசி ரூம்ல உட்கார்ந்து வட்டம் போடற ஆளு பேச்சையெல்லாம் கேட்கறீங்களே! வட்டம் என் பேரனும்தான் போடறான். வீட்டுச் சுவரெல்லாம் அவன் போட்ட வட்டம்தான்.”

அடித்துப் பேசினார் வெல்டர். பேசாமல் என்ன செய்வது? இரண்டு வருஷமாக மாடி காலி. வந்தவர்களெல்லாம் புயலுக்குப் பயந்து வாசலோடு திரும்பிப் போனார்கள். இந்த மாதமும் ஆள் வராவிட்டால் வீட்டை விற்றுவிட்டு அப்பாவும் அம்மாவும் தன்னோடு வந்துவிட வேண்டியதுதான் என்று மகன் கறாராகச் சொல்லிவிட்டான். மகன் இருப்பது பதினோராவது மாடியில், ஒரு புறாக்கூண்டில். அங்கே போய், மருமகள் வைக்கிற டி.வி.யைப் பார்த்துக்கொண்டு மூலையில் கிடப்பதைவிட, வாய் கூசாமல் நாலு பொய் சொல்வது மேல். கடலில் எந்தப் புயல் கிளம்பினாலும் முதலில் இந்த வீட்டைத் தட்டி எழுப்பிவிட்டுத்தான் ஊருக்குள் போகும் என்பதை இவர்களிடம் சொல்லி யாருக்கு லாபம்?

தண்ணீர்ச் செம்போடு மேலே வந்த மனைவி, தலைக்கு மேலே பார்த்தாள்.

“போன வருஷம் இந்தத் தகரம் இருக்கே…”

“புதுசா மாத்தினோம்!” வெல்டர் குறுக்கே பாய்ந்தார். “பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு.”

“ஆமாமா. பழைய தகரம் அடுத்த தெருவுல அழகா இருக்கு,” என்று அவள் முணுமுணுத்தாள்.

வெல்டருக்குப் பெரிதாக ஓர் இருமல் வந்தது.

தாடிக்காரர் அறையைச் சுற்றி வந்தார். “கடலைப் பார்த்த ஜன்னல் எத்தனைங்கய்யா?”

“மூணு. பயப்படாதீங்க. மூணுக்கும் என் கையாலயே இரும்புத் தகடு அடிச்சுத் தர்றேன். காத்தை விடுங்க, கொசு நுழையட்டும் பார்ப்போம்.”

தாடிக்காரரின் முகம் சுருங்கியது. தகட்டை நம்பவில்லை போலிருக்கிறது என்று வெல்டர் நினைத்துக்கொண்டார். என் வெல்டிங்கைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும்!

“மொட்டை மாடியில காத்து பலமா அடிக்குமா?” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஒரு பனியன் காய ரெண்டு நாள் ஆகும். அவ்வளவுதான் காத்து.”

“மழை பெஞ்சா தெருவுல தண்ணி எவ்வளவு ஏறும்?”

“ஏறறதாவது! இந்தத் தெருவுல கால் நனையணும்னா குழாயடிக்குத்தான் போகணும்.”

கீழே இறங்கும்போது தாடிக்காரர் நின்றார். கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடியது. விரலால் அதைத் தடவினார்.

“இது வெள்ளம் நின்ன அடையாளமா?”

“அது பார்டர், தம்பி. இவ ஆசைப்பட்டுப் போடச் சொன்னா.”

“நானா?” என்றாள் மனைவி.

“பின்ன, நானா? வயசானா எல்லாம் மறந்துபோகுது இவளுக்கு.”

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “ஐயா, நீங்க இங்க எத்தனை வருஷமா இருக்கீங்க?”

“நாற்பது வருஷம்! பொறந்ததுலேருந்து பொய் பேசாதவன் நான். புயல்னு ஒண்ணை இந்தத் தெருவுல என் கண்ணால பார்த்ததில்லை.”

மனைவி செம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அதற்குமேல் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

“அப்ப நாங்க வர்றோம்ங்கய்யா,” என்று சொல்லிவிட்டு இருவரும் வாசலைத் தாண்டினார்கள். வந்தபோது இருந்த துள்ளல் நடையில் இல்லை.

வெல்டர் பின்னாலேயே ஓடினார். “என்ன தம்பி, பேசாமப் போறீங்க? இவ்வளவு சொல்லியும் என் மேல நம்பிக்கை வரலையா?”

“வந்துடுச்சுங்கய்யா, அதான் சங்கடம்,” என்றார் கண்ணாடிக்காரர். “புயல் எங்க கரையேறுமோ அங்கேயே போய்க் குடியிருந்து, அதை நேருக்கு நேரா பார்க்கற கூட்டம் நாங்க. இந்த சீசன்ல எல்லாம் இங்கதான் அடிக்கும்னு நிபுணர் பேச்சை நம்பி ஓடி வந்தோம். நாற்பது வருஷம் இங்கேயே இருந்த நீங்களே இல்லைங்கறீங்க. இனிமே அவரை எப்படி நம்பறது?”

வெல்டர் கையை நீட்டி மறிக்கப் போனார். அதற்குள் பைக் கிளம்பிவிட்டது.

“நில்லுங்க தம்பி! வரும்! எல்லாப் புயலும் நேரா இங்கதான் வரும்! சத்தியமா வரும்!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்.

தாடிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டிய கண்ணாடிக்காரரின் காதில் சொன்னார்: “பாவம்ப்பா பெரியவர், பொய் பேசியே பழக்கமில்லை, வீட்டை வாடகைக்கு விடணுமேன்னு எப்படித் திணறறார் பாரு!”