பொய் என்றால் என்ன?

"பொய்னா என்ன குட்டி?"

"தப்பு."

"அது போதாது. கேக்கறவங்களுக்குப் புரியணும். இந்த டம்ளர்ல பால் இருக்கு. நான் தண்ணின்னு சொன்னா?"

"அதுதான் பொய்."

சித்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஐந்து வயதுக்காரிக்குச் சோறு ஊட்டும்போதும் தலை சீவும்போதும் இதே கேள்விதான்.

"ஸ்கூல்ல சேக்கறதுக்கா இந்தப் பாடு படுத்தறே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சரியா சொல்லலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்கக்கா" என்றாள் சித்தி.

அந்த நாளும் வந்தது. உயரமான மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கனிவாகத்தான் கேட்டார்.

"பொய்னா என்ன பாப்பா?"

குழந்தை திருதிருவென்று விழித்தாள். படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. சித்தி அங்கே வாய் திறக்கக் கூடாது. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தையின் கண்கள் அறையைச் சுற்றி வந்து, எதிரே கூண்டில் நின்ற அப்பாவிடம் நிலைத்தன.

"அம்மா தூங்கறா, எழுப்பாதேன்னு அப்பா சொன்னாரு. அதுதான் பொய்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

நீதிபதி அதை எழுதிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"குழந்தை சாட்சி சொல்லலாம்."