வண்டிக் கோளாறு

"உன் ஓட்டை வண்டிதான்டா என் புள்ளையக் கொன்னுருச்சு!"

வேதமுத்து விட்ட அறையில் டாக்சி டிரைவர் ரத்தினசாமியின் தலைத்துண்டு தெறித்துச் சேற்றில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கிய மெக்கானிக் சோலை முதலில் பார்த்தது இதைத்தான். கம்பம்மெட்டுக்கு ஏறும் வளைவில் ஒரு டாக்சி நின்று கிடக்கிறது என்று மட்டும் சொல்லி, அந்த வழியே இறங்கி வந்த ஜீப்காரர் கூட்டி வந்திருந்தார். வண்டிக்குள் ஒரு சாவு கிடக்கும் என்று அவன் நினைக்கவேயில்லை.

பின் சீட்டில் வேதமுத்துவின் மனைவி மதலேனம்மாள் கம்பளியோடு பிள்ளையை இறுக்கி அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

"ஏலத்தோட்டத்துலருந்து கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போறோம்யா," என்று வேதமுத்து சோலையிடம் முறையிட்டான். "காய்ச்சல்ல வலிப்பு வந்த புள்ள. பாதி வழியில வண்டி நின்னு போச்சு. இந்தாளு பானட்டைத் திறந்து வச்சு நோண்டுறாரு, நோண்டுறாரு... திரும்பிப் பாத்தா புள்ள குளுந்து கெடக்கு."

சொல்லிவிட்டுப் போய் ரோட்டோரப் பாறையில் சாய்ந்துவிட்டான்.

சோலைக்கு ரத்தம் கொதித்தது. அவன் வீட்டிலும் ஒரு கைப்பிள்ளை உண்டு.

"ஏண்ணே, நோயாளிய ஏத்துற வண்டிய இப்படியா வச்சிருப்பீங்க?"

ரத்தினசாமி நகர்ந்து பானட்டுக்கு வழி விட்டார்.

"போயி செல்ஃப் அடிங்க."

எஞ்சின் நன்றாகத்தான் சுற்றியது. பற்றிக்கொள்ள மட்டும் மாட்டேன் என்றது. பெட்ரோல் குழாயைக் கழற்றினான். தாராளமாக வந்தது. பிளக் வயரை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தான். பொறி இல்லை. காயிலிலிருந்து வரும் வயரைப் பிடித்தான். படீரென்று நீலமாய் வெட்டியது.

ஆக, கரண்டு கிளம்புகிறது. பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை. கோளாறு நடுவில், டிஸ்ட்ரிபியூட்டரில். எந்த பிளக்கில் எப்போது பொறி விழ வேண்டும் என்று முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கிற இடம் அது.

கிளிப்பை நெம்பி மூடியைத் தூக்கினான். பாயிண்ட் பளிச்சென்று இருந்தது. அதற்கு மேலே சுற்றி, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைத் தள்ளிவிட வேண்டிய விரலளவு ரோட்டரைத்தான் காணோம்.

சோலைக்கு ஒன்றும் ஓடவில்லை. ரோட்டர் தேயும், கீறல் விடும். மூடி போட்டபடி இருக்க, தானாக எழுந்து நடந்தா போகும்? யாராவது கையால் உருவினால்தான் உண்டு.

நிமிர்ந்தான். ரத்தினசாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கண்ணே அது?"

ரத்தினசாமி காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உள்ளங்கையில் மறைத்து நீட்டினார்.

சோலை ஸ்பேனரை ஓங்கினான். "அடப்பாவி! வேணும்னே நிறுத்துனியா? உசுருக்குப் போராடுற புள்ளைய வச்சுக்கிட்டு... இரு, அந்த மனுசன்கிட்டச் சொல்றேன். உன்னை இங்கேயே வெட்டிப் போடட்டும்."

"மெதுவாப் பேசு தம்பி. நான் நிறுத்துறதுக்கு முந்தியே புள்ள போயிருச்சு."

சோலை ஓங்கிய ஸ்பேனரைக் கீழே இறக்கினான்.

"கீழ ஓடைப் பக்கம் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்த நிறுத்துனேன். இவரு முகம் கழுவப் போனாரு. அந்தம்மா காலடியில இருந்த டின்னை எடுக்கக் கதவைத் திறந்தா, கம்பளிக்கு வெளிய தொங்குன கால் என் கையில பட்டுச்சு. சில்லுனு கெடந்துச்சு. மூக்குல விரல் வச்சுப் பாத்தேன், நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். ஒண்ணுமில்ல. அது தெரியாம அந்தம்மா கண்ணை மூடி ஜெபம் சொல்லிக்கிட்டு இருக்கு."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள இவரு வந்து ஏறி மறுபடியும் ஆரம்பிச்சிட்டாரு. தோட்டத்துலருந்தே இதே பேச்சுத்தான். 'நேத்தே கெளம்பலாம்னேன். பனியில வேணாம், காய்ச்சல் எறங்கட்டும்னு தடுத்தவ நீ. புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீதான்டி கொன்னவ'ன்னு. அந்தம்மாவும் 'ஆமா, நான்தான்'னு தலையில அடிச்சுக்குது. இனி காலம் பூரா அந்த ஊட்டுல அதுக்கு இதே பேச்சுத்தானே? அதான் இந்த வளைவுக்கு வந்ததும் சாவியத் திருப்பி வண்டிய நிறுத்திட்டு, பானட்டைத் திறந்து இதை உருவிட்டேன்."

ரத்தினசாமி கன்னத்தைத் தடவிக்கொண்டார். விரல் பதிந்த இடம் வீங்கியிருந்தது.

"அறையுறதுக்கு அவருக்கு வேற ஒரு கன்னம் வேணும்ல தம்பி."

சோலை ரோட்டரை வாங்கிப் பொருத்தினான். மூடியைப் போட்டுக் கிளிப்பை அழுத்தினான். அவனே போய் செல்ஃப் அடித்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டது.

சத்தம் கேட்டு வேதமுத்து தள்ளாடிக்கொண்டு வந்தான். "என்னய்யா கோளாறு?"

சோலை ரத்தினசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. பின் சீட்டுக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னான்:

"வண்டிய வச்சிருக்கிற லட்சணம் அப்படி. ஒழுங்காப் பாத்து வச்சிருந்தா நின்னிருக்காது. நிக்காம இருந்திருந்தா, இந்நேரம் ஆஸ்பத்திரியில இருந்திருப்பீங்க."

வேதமுத்து ரத்தினசாமியின் காலடியில் காறித் துப்பினான். பிறகு பின் கதவைத் திறந்து மதலேனம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டான்.

"நீ என்ன புள்ள பண்ணுவ?" என்றான் குரல் உடைந்து. "எல்லாம் அந்தப் பாவி பண்ணுனது."