நீ மட்டும் வராதே

“இந்த வருஷம் நீ வர வேணாம் வெண்டல்,” என்றார் நார்ப், போனில்.

வெண்டலுக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது.

“எங்க வர வேணாம்?”

“ஞாயித்துக்கிழமை, எங்க வீட்டுக்கு. மத்தவங்க எல்லாரும் வர்றாங்க. நீ மட்டும் வராத.”

இருபத்தாறு வருஷப் பழக்கம். அமெரிக்காவில் க்ரீன் பே ஊரில் ஃபுட்பால் ஆட்டம் என்றால், ஸ்டேடியத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் நார்ப் வீட்டுப் புல்வெளியில் நாலு சிநேகிதர்களும் காலையிலேயே கூடிவிடுவார்கள். வண்டி டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு, கரி அடுப்பில் சாசேஜ் சுட்டு, பீர் குடித்து, தொண்டை கட்டும் வரைக்கும் கத்துவார்கள்.

இந்த வருஷம் கொரோனா. ஸ்டேடியத்துக்குள் யாரையும் விடவில்லை. வெளியிலும் கூட்டம் சேராதீர்கள் என்று ரேடியோவில் மணிக்கொரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “அதுக்காக நம்ம விருந்தை விட்டுட முடியுமா?” என்று ஆகஸ்டிலேயே கிளப்பிவிட்டவர் ஜெரோம். உடனே தலையாட்டியவர் வெண்டல்.

ஆட்டிய தலை அப்புறம் குழம்பத் தொடங்கியது. மனைவி லவோனுக்கு நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. மார்ச்சிலிருந்து வீட்டுப் படியை யாரும் மிதிக்கவில்லை. ஆனால் திறந்தவெளிதானே? ஒரு மணி நேரம்தானே? போகலாமா, கூடாதா?

லவோனோ, “போயிட்டு வா. ஆறு மாசமா உன் மூஞ்சிய நான் ஒருத்திதான் பாக்கறேன். கொஞ்ச நேரம் மத்தவங்களும் பாக்கட்டும்,” என்று சிரித்துவிட்டார்.

சரி, போவோம் என்று ஒரு வழியாக முடிவெடுத்த மறுநாள்தான் இந்த போன்.

“என்னடா விளையாடறியா?” என்றார் வெண்டல். “நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“உன் உருளைக்கிழங்கு சாலட். இருபத்தாறு வருஷமா அதை எங்க வீட்டு நாய்க்குத்தான் போடறோம். நாய் கூட இப்பல்லாம் ஓடி ஒளியுது.”

“நார்ப்!”

“அப்புறம் உன் புலம்பல். டீம் தோத்தா மூணு நாள் ஒப்பாரி. என்னால முடியலடா. உன் இடத்துக்கு என் மச்சினனைக் கூப்பிட்டாச்சு.”

போன் வைக்கப்பட்டுவிட்டது.

வெண்டல் சமையலறையில் அப்படியே நின்றார். கோபமா வருத்தமா என்று அவருக்கே பிடிபடவில்லை. போன வாரம் வரைக்கும் லவோனின் மூச்சு எப்படி இருக்கிறது என்று தினம் கேட்ட மனுஷன், இன்றைக்கு ஏன் இப்படி?

“ஜெரோமுக்கு போன் பண்ணிக் கேளேன்,” என்றார் லவோன்.

“எதுக்கு? அவனுங்க எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணியிருப்பானுங்க. நான் கெஞ்சற மாதிரி ஆயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெண்டல் டிவியைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார்.

“வண்டியை எடுத்துட்டுப் போ,” என்றார் லவோன். “கண்ணாடியை இறக்கி, மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டு வா. மாஸ்க்கைக் கழட்டாத.”

நார்ப் வீட்டுத் தெருமுனையில் ஒரு சிவப்பு வண்டி நின்றிருந்தது. உள்ளே மாஸ்க்கோடு ஜெரோம். வெண்டல் பக்கத்தில் நிறுத்தினார்.

“விருந்து அங்க நடக்குது. நீ இங்க என்ன பண்றே?”

ஜெரோம் முறைத்தார். “எகத்தாளமா? என்னை வர வேணாம்னு நீங்க எல்லாரும் சேர்ந்துதானே முடிவு பண்ணினீங்க?”

“உன்னையுமா? என்னன்னு சொன்னான்?”

“நான் சிரிச்சா கழுதை கத்தற மாதிரி இருக்காம். அக்கம்பக்கத்துல மானம் போகுதாம். என் இடத்துல மச்சினன் வர்றானாம்.”

“மச்சினனா? அவன் என் இடத்துக்குல்ல வர்றான்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் ஹாரன். மூன்றாவது வண்டியில் நாலாவது சிநேகிதர் கிளாரன்ஸ், முகம் சிவந்து, எதையோ கேட்கத் துடித்துக்கொண்டு.

“உன் இடத்துக்கும் மச்சினன்தானா?” என்றார் வெண்டல்.

கிளாரன்ஸ் வாயைப் பிளந்தார்.

மூன்று வண்டிகளும் வரிசையாக நார்ப் வீட்டு முன்னால் போய் நின்றன. புல்வெளியில் டீம் கொடி பறந்தது. அடுப்பு புகைந்தது. ஒரே ஒரு நாற்காலி. அதில் நார்ப் தனியாக உட்கார்ந்து, ஒரு சாசேஜைக் கையில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டிகளைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார்.

“இறங்காதீங்க! எவனாவது கதவைத் திறந்தீங்க, தண்ணியைப் பீச்சி அடிப்பேன்!”

“எங்கடா உன் மச்சினன்?” ஜெரோம் கத்தினார்.

“எனக்கு ஏதுடா மச்சினன்? கோவத்துல அது கூடவா மறந்துபோச்சு?”

“அப்புறம் எதுக்கு அந்தப் பேச்செல்லாம்? மூணு நாளா நான் சரியா சாப்பிடல நார்ப்,” என்றார் வெண்டல். “வேணாம்னா அன்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“அன்பா சொன்னா கேட்டிருப்பீங்களா? திறந்தவெளிதானே, ஒரு மணி நேரம்தானேன்னு வந்து நின்னிருப்பீங்க. கோவத்துலயாவது வீட்ல கிடப்பீங்கன்னு பார்த்தேன்.”

ரேடியோவில் யாரோ கோல் கோட்டைத் தொட்டுவிட்டதாகக் கூவினார்கள். நாலு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

நார்ப் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஈஸ்டருக்கு என் தம்பி எட்வின் வர மாட்டேன்னுதான் சொன்னான். ‘வெளியிலதான்டா உக்காரப் போறோம், வா’ன்னு நான்தான் கூப்பிட்டேன். மே மாசம் அவனை அடக்கம் பண்ணினோமே... அவனை நான் ரொம்ப அன்பாத்தான்டா கூப்பிட்டேன்.”