குதிரை இல்லாத வீரன்

"போன கேம்ல வீரனுக்கு ஒரு குதிரை கூடக் குடுக்கலையே, தம்பி. ஊர் ஊரா நடந்தே போறான்" என்றார் உடையப்பன்.

மாப்பிள்ளை பார்க்க வந்தவர் கேட்கிற முதல் கேள்வி இது இல்லை. சிவபிரகாஷ் அம்மாவைப் பார்த்தான். அமுதவல்லி, பதில் சொல்லுடா என்று கண்ணைக் காட்டினாள்.

"அடுத்த கேம்ல குதிரை இருக்குங்க."

"எல்லாருக்குமா, தனியாக் காசு கட்டுறவங்களுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தாங்க."

உடையப்பன் பக்கத்திலிருந்த மனைவி கண்ணாத்தாளைப் பார்த்தார். அவள் மிக்சர் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நல்ல சேதி கேட்டவள் போலத் தலையசைத்தாள்.

சிவபிரகாஷ் திருக்கோகர்ணத்தில் வீட்டு மாடியில் உட்கார்ந்து மாயாஜாலக் கதைகளைக் கம்ப்யூட்டர் கேமாகச் செய்கிறவன். 'கருங்கோட்டை' என்று ஒன்று வெளிவந்து ஓரளவு ஓடியது. அடுத்தது பாதியில் இருந்தது. இந்த வேலையைக் கேட்டதும் இதுவரை வந்த பெண் வீட்டார் அத்தனை பேரும் காப்பியோடு எழுந்துவிட்டார்கள். ஒருவர், கேமெல்லாம் சரி, தம்பி என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார். இன்னொருவர், இதில் பென்ஷன் உண்டா என்றார்.

கடைசி முயற்சியாக அமுதவல்லி அவனுடைய விவரத்தைக் கல்யாண வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். உடனே கூப்பிட்டவர், கீரனூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த உடையப்பன்தான். மாப்பிள்ளை பார்க்க வாரோம் என்றார். ஆப்பிள், வெற்றிலை பாக்கோடு மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தும்விட்டார். இதையும் நழுவவிட்டால் இனி உனக்கு யாரடா பெண் கொடுப்பார்கள் என்று அம்மா காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

குவைத்திலிருந்த அப்பா, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த போனில், வீடியோ காலில் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாத்தாள் தொண்டையைச் செருமினாள். "கூட ஒரு வில்லுக்காரி வர்றாளே தம்பி, அவ பாலத்துல செத்துப் போயிட்டா. இவன் பாட்டுக்கு அவ அம்பை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். கூட வந்தவ போயிட்டாளேன்னு ஒரு வார்த்தை பேச வேணாமா?"

அடுத்த கேமில் அழுவான் என்று சிவபிரகாஷ் ஒப்புக்கொண்டான். அது போதாது, இரண்டு ஊர் தாண்டியும் அவள் பேச்சை எடுக்க வேண்டும் என்றாள் கண்ணாத்தாள். எடுப்பான் என்றான்.

காப்பி எடுக்கிற சாக்கில் அவனை அடுப்படிக்கு இழுத்தாள் அமுதவல்லி.

"கேமை முழுசா விளையாடிட்டு வந்திருக்காங்கம்மா" என்றான் அவன்.

"பொண்ணு குடுக்குறவங்க வேலையை விசாரிக்காமயா வருவாங்க? வர்றவளை எப்படி வச்சுக்குவேன்னு சுத்தி வளைச்சுக் கேக்குறாங்கடா. எது கேட்டாலும் சரின்னு சொல்லு."

சொன்னான். வீரன் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்து பானைகளைத் திறந்து பார்க்கிறான், வீட்டுக்காரி சும்மா நிற்கிறாள், இது எந்த ஊரில் நடக்கும் என்றார் உடையப்பன். இனி அவள் விளக்குமாற்றை எடுப்பாள் என்று முடிவானது. கரண்டு போனால் விளையாடியது எல்லாம் போய்விடுகிறது, நினைத்த இடத்தில் சேமிக்க வேண்டும் என்றார். சேமிப்புப் பழக்கம் உள்ள குடும்பம் என்று அமுதவல்லி மகிழ்ந்தாள். ராஜாவிடம் பணிவாகப் பேசினாலும் திமிராகப் பேசினாலும் அவர் ஒரே பதிலைச் சொல்கிறாரே, பிறகு எப்படிப் பேச என்று எங்களை எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள் கண்ணாத்தாள். திமிராகப் பேசினால் சிறை என்று சிவபிரகாஷ் வாக்குக் கொடுத்தான். அவளுக்கு முகம் மலர்ந்தது.

உடையப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முக்கியமானது ஒண்ணு. அந்தக் கோட்டை வாசக் காவக்காரன், கெளம்புறப்பெல்லாம் 'எங்கே போகிறாய், வீரனே'ன்னு கேக்குறான். வெளிய கெளம்புறவனை அப்படிக் கேட்டா போற காரியம் வெளங்குமா? திரும்பி வந்து, உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புறேன். மறுபடியும் கேக்குறான்."

நம் மாவட்டத்தில் கேம் விளையாடுகிறவர்களில் பாதிப் பேர் ஏன் அந்தக் கோட்டையை விட்டு வெளியே வரவே இல்லை என்பது சிவபிரகாஷுக்கு அப்போதுதான் புரிந்தது.

"இனிமே 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவான்."

"சத்தியமா?"

"சத்தியமாங்க."

மதியம் வந்தவர்கள் எழுந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. சம்பளம் எவ்வளவு, வீடு யார் பேரில் என்று கடைசிவரை அவர்கள் கேட்கவே இல்லை. இப்பேர்ப்பட்ட பெருந்தன்மையை அமுதவல்லி எங்கேயும் பார்த்ததில்லை. பெண் என்ன படித்திருக்கிறாள் என்று நடுவில் அவள் கேட்டபோது கூட, முதலில் தம்பி வேலையைப் பேசி முடிப்போம் என்றல்லவா சொன்னார்கள்.

"எங்களுக்கு முழுத் திருப்தி, தங்கச்சி" என்றார் உடையப்பன். போனில் அப்பா, தலையாட்டலின் நடுவே உறைந்து நின்றார். நெட் போய்விட்டது.

அமுதவல்லி வாசல்வரை கூடவே வந்தாள். "அப்ப பொண்ணைப் பாக்க நாங்க எப்பண்ணே வரட்டும்?"

உடையப்பன் நிதானமாகச் செருப்பை மாட்டினார்.

"எனக்கு ரெண்டும் பசங்க, தங்கச்சி. கேம்ல இன்னின்ன கொறை இருக்குன்னு தம்பிக்கு நாங்களும் மெயில் மேல மெயில் போட்டுப் பாத்தோம், பதிலே இல்ல. மாப்பிள்ளை பாக்க வாரோம்னு சொன்னாத்தான் உக்கார வச்சு, பலகாரமும் குடுத்து, கேட்டதுக்கெல்லாம் சரிங்கிறீங்க."